கமெராவுக்கு முன் எங்கட பேச்சு

யாழ்ப்பாணப் பேச்சைத் தமிழகத் திரையில் கேட்க 2000-இல் 'தெனாலி' வந்தது. இலங்கை அகதியாக நடித்த கமல்ஹாசனின் வாயால்தான் அதைக் கேட்டோம். 2019 ஜூனில் அதே கமல் நடத்திய 'பிக் பொஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சியின் மூன்றாம் பருவத்தில், இலங்கைத் தமிழர் இருவர் அவருக்கு முன்னால் நின்று தங்கள் தமிழில் பேசினார்கள். ஒருவர் சக்தி தொலைக்காட்சியில் செய்தி வாசித்த லொஸ்லியா. மற்றவர் யாழ்ப்பாணத்து மொடல், தர்ஷன் தியாகராஜா.

மொடலாவது ஒரு தொழில் என்று தொண்ணூறுகளில் இங்கே யாராவது சொல்லியிருந்தால் வீட்டில் என்ன நடந்திருக்கும்? யாழ்ப்பாணக் குடாநாட்டில் அப்போது பல வருடம் மின்சாரமே இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம்; ஜெனரேற்றர் பிடித்து, ஊர் கூடி, விடிய விடியப் படம் பார்த்தோம். முகம் நிழற்படத்தில் விழுவது அடையாள அட்டைக்கும் கலியாணத்துக்கும்தான்.

இன்று சேலைக் கடைக்கும் மணப்பெண் அலங்காரத்துக்கும் உள்ளூர்ப் பிள்ளைகளே மொடல்கள். கோட்டை மதிலிலும் கசூரினாக் கடற்கரையிலும் படப்பிடிப்பு நடக்கிறது; அன்று பின்னேரமே அது இன்ஸ்டகிராமில் ஏறி, ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரரிடம் போய்விடுகிறது. கமெரா மலிந்துவிட்டது. பெண் பிள்ளைக்கு வீட்டுச் சம்மதம் மட்டும் இன்னும் மலியவில்லை. அப்படியும் யாழ்ப்பாணத்திலிருந்து போன அறிவிப்பாளர் ஜனனி, 2022-இல் 'பிக் பொஸ்' ஆறாம் பருவத்துக்குள் நுழைந்தார். அடுத்த வருடம் 'லியோ' படத்தில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அவரை ரசிகர்களிடம் சேர்த்ததில் யாழ்ப்பாணப் பேச்சுக்குப் பெரிய பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மூன்றாம் பருவத்தில் தர்ஷன் வெல்லுவார் என்று பலர் நம்பியிருந்தார்கள். இறுதிக்கு ஒரு வாரம் இருக்க வெளியேறினார். நிகழ்ச்சி 2019 ஒக்ரோபர் 6-இல் முடிந்தது. அடுத்த பதினொரு நாளில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டு, நவம்பரில் சென்னைக்கு விமானமும் பறந்தது. கொழும்புக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து சென்னை போன தலைமுறைக்கு அது சின்ன விஷயமில்லை. வானில் பாதை திறந்தும், தர்ஷனின் சினிமாப் பாதை ஆறுதலாகத்தான் நீண்டது: 2022-இல் லொஸ்லியாவோடு 'கூகுள் குட்டப்பா', 2023-இல் 'நாடு', 2025-இல் 'சரண்டர்'. 'நாடு'வில் கொல்லிமலைக் கிராமத்து இளைஞன், 'சரண்டர்'இல் தமிழ்நாட்டுப் பயிற்சிப் பொலிஸ் அதிகாரி.

நடிகன் எந்த ஊர்க்காரனாகவும் மாறத்தான் வேண்டும், அதில் குறையில்லை. ஆனால் தொலைக்காட்சி விரும்பிக் கேட்ட பேச்சை, சினிமாவுக்குப் போகும்போது வாசலில் கழற்றி வைக்க வேண்டியிருப்பது என்னை உறுத்துகிறது. 1977-இலேயே, பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்த சிங்கள இயக்குநர் தர்மசேன பத்திராஜ, 'பொன்மணி' என்ற தமிழ்ப் படத்தை இங்கேயே எடுத்தார். இன்று கமெராவும் உண்டு, முகங்களும் உண்டு, வெளிநாட்டில் பணத்தோடு உறவுகளும் உண்டு. தர்ஷனும் ஜனனியும் தங்கள் பேச்சிலேயே பேசி நடிக்கும் ஒரு முழுநீளப் படத்தை யாழ்ப்பாணத்திலேயே எடுக்கச் சொல்லித்தான் நான் கேட்கிறேன்.