மேலே ஏலம், கீழே நெல்

கம்பம், போடி பக்கத்துப் பழைய வசதியான குடும்பங்களின் சொத்தைப் பார்த்தால் ஒரு கணக்கு புரியும். கீழே பள்ளத்தாக்கில் நஞ்சை, மேலே இடுக்கி மலையில் ஏலத்தோட்டம். நஞ்சைக்கு, 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர். தோட்டத்துக்குப் போக கம்பமெட்டும் போடிமெட்டும் வழி.

நெல்லில் பெரிய லாபம் இல்லை, ஆனால் சோற்றுக்குக் கவலையும் இல்லை. ஏலக்காய் அப்படியல்ல. 2019 ஆகஸ்டில் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. 2022-இல் சராசரி விலை ஆயிரத்துக்கும் கீழே போனது. உச்ச விலையை நம்பிக் கடனில் தோட்டம் வாங்கினால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். கையில் பணம் உள்ள வீடு அவசரப்பட்டு விற்காது. பச்சைக்காயை ஸ்டோர் எனப்படும் உலர்கூடத்தில் உலர்த்தி, சல்லடையில் சலித்துப் பருமன் காயைத் தனியே பிரித்து, காற்றுப் புகாமல் மூட்டை கட்டி, விலை ஏறும்வரை வைத்திருக்கும். நிறம் மங்குவதற்குள் விற்றாக வேண்டும் என்பதும் அதற்குத் தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அணையை நிரப்புவதும் ஏலத்தை நனைப்பதும் பெரும்பாலும் ஒரே தென்மேற்குப் பருவமழைதான். அது பொய்த்தால் இரண்டும் சேர்ந்தே அடிபடும். அதனால்தான் கிணற்றுப் பாசனத் திராட்சையும், போடியில் ஒரு கடையும், பிள்ளைகளின் படிப்பும் அவசியமாகின்றன. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, ஆண்டு முழுவதும் அறுவடைக்கு வரும்.