துணி வீடு வாங்கிப் பார்!

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் நம் பெரியோர். இங்கிலாந்தில் கோடை விடுமுறை வந்துவிட்டால், சிறு சம்பளக்காரர்கள் பலர் வேறொரு வகை வீட்டைக் கட்டிப் பார்க்கிறார்கள். அதுதான் துணி வீடு, அதாவது கூடாரம்!

கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் ஒரு வாரம் ஓட்டலில் தங்கினால் கையிருப்பு கரைந்துவிடும். கூடாரம் அடிக்கும் மைதானத்துக்கோ வாடகை குறைவு. நல்ல கூடாரம் ஒன்று வாங்கிவிட்டால் பல கோடைகளுக்கு உழைக்கும். ஆனால், மலிவு என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கினால் என்ன ஆகும்? நனைந்த குழந்தைகளை நடுநிசியில் காரில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

தையற்காரர் கண்ட வழி

இந்தப் பொழுதுபோக்கை அந்நாட்டில் பரப்பியவர் ஒரு தையற்காரர். பெயர் தாமஸ் ஹைரம் ஹோல்டிங். சிறுவனாக இருந்தபோது, 1853-ல், அமெரிக்கப் புல்வெளிகளை வண்டிக் கூட்டத்தோடு கடந்து சென்றவர் அவர். பிற்காலத்தில், சைக்கிளில் கட்டி எடுத்துச் செல்லத்தக்க சின்னஞ்சிறு கூடாரங்களை உருவாக்கினார். 1901-ல் சைக்கிள் கூடாரக்காரர் சங்கம் தோன்றியது. இந்தத் துறைக்கென 1908-ல் ஒரு கைப்புத்தகமும் எழுதினார். அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு இன்றும் அங்கே இயங்குகிறது.

நாலு பேர் என்றால் இரண்டு பேர்!

கடையில் "நாலு பேர் கூடாரம்" என்று எழுதியிருக்கும். நான்கு பேர் தோளோடு தோள் உரசிப் படுக்கலாம் என்பதுதான் அதன் பொருள். பெட்டி, செருப்பு, சமையல் சாமான் எதற்கும் அதில் கணக்கு இல்லை. ஆகவே நான்கு பேர் உள்ள குடும்பம் ஆறு பேர் கூடாரம் வாங்குவதே உசிதம். மழை நாளில் குழந்தைகள் உட்கார்ந்து விளையாட முன்பக்கம் ஒரு தாழ்வாரம் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்து, துணி. எத்தனை மில்லிமீட்டர் உயரமுள்ள தண்ணீரின் அழுத்தத்தைத் துணி ஒழுகாமல் தாங்கும் என்று சோதித்து, அந்த எண்ணைக் கூடாரத்தின் விவரக் குறிப்பில் போடுகிறார்கள். 1,500 மில்லிமீட்டருக்குக் குறைந்ததை வாங்குவது நல்லதல்ல. மழைக்காற்று அதிகமுள்ள ஊருக்கு 3,000 இருந்தால் கவலை இல்லை. எண் மட்டும் போதாது. தையல் ஓரங்களில் உட்புறம் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊசித் துளை வழியேதான் தண்ணீர் முதலில் எட்டிப் பார்க்கும்!

மலிவுக் கூடாரங்கள் பெரும்பாலும் பாலியெஸ்டர் துணி. கனம் குறைவு, சீக்கிரம் உலரும். ஆனால் உள்ளே தூங்குகிறவர்களின் மூச்சு ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு முத்து முத்தாகப் படியும். புதியவர்கள் இதைப் பார்த்துக் கூடாரம் ஒழுகுகிறது என்று பதறுவார்கள். காற்றுத் துவாரங்களைத் திறந்து வைத்தால் ஈரம் குறையும்.

கண்ணாடி இழைக் கம்பிகள் விலை குறைந்தவை. பலத்த காற்றில் பிளந்து போவதும் உண்டு. மாற்றுத் துண்டு ஒன்று கையில் இருப்பது நலம். கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் கெட்டித் தரையில் வளைந்துவிடும். உறுதியான முளைகளைத் தனியாக வாங்குவது அனாவசியச் செலவல்ல.

உயிருக்கே உலை!

காசை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. குளிருக்கு இதமாக இருக்குமே என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுவந்தவர்கள் விடியலில் கண் விழிக்காமலே போன சோகம் அந்நாட்டில் நடந்திருக்கிறது. கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தணல் அணைந்ததுபோல் தோன்றினாலும் கரி அதை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே அடுப்பு எந்நேரமும் வெளியேதான் இருக்க வேண்டும். துவாரம் திறந்திருக்கிறது என்ற தைரியமும் உதவாது.

வீட்டுத் தோட்டத்தில் ஒத்திகை

கோடை முடிகிற சமயம் கடைகளில் விலை இறங்கும். அப்போது வாங்கி வைப்பது சாமர்த்தியம். வாங்கியதும் வீட்டுத் தோட்டத்தில் ஒருமுறை அடித்துப் பார்க்க வேண்டும். முளை குறைந்திருந்தாலும், துணி கிழிந்திருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். முதல் பயணம் ஒரே இரவாக, வீட்டுக்கு அருகிலேயே இருக்கட்டும். பள்ளமான இடம் ஆகாது. மழைநீர் அங்கேதான் வந்து சேரும்.

திரும்பி வந்ததும் கூடாரத்தை நன்றாக உலர்த்தி மடிக்க வேண்டும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சைக் காளான் பிடித்து, அடுத்த கோடையில் நாற்றமெடுக்கும். உலர்த்தி வைப்பவருக்கோ மலிவுக் கூடாரமும் பல ஆண்டு உழைக்கும்.