திண்டிவனத்துப் பட்டறைக்கும் உண்டு உலக எண்

மல்லாட்டை (நிலக்கடலை) உடைக்கும் இயந்திரத்தில் புதிதாக ஒரு சல்லடை அமைப்பைத் திண்டிவனத்துப் பட்டறைக்காரர் ஒருவர் கண்டுபிடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பருப்பு நொறுங்காமல் ஓடு மட்டும் உடைகிறது. காப்புரிமை கிடைக்குமா? அதே அமைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு ஜப்பானிய ஆவணத்தில் வெளியாகியிருந்தால் கிடைக்காது. சட்டம் கேட்பது உலகளாவிய புதுமை.

ஜப்பானிய மொழி தெரியாதவர் எப்படித் தேடுவது? 1971இல் ஸ்ட்ராஸ்பர்க் ஒப்பந்தம் வழி செய்தது. தொழில்நுட்பம் அனைத்தையும் 70,000க்கும் மேற்பட்ட பிரிவுகளாக்கி ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்தார்கள். நிலக்கடலை உடைக்கும் இயந்திரத்துக்கு ஏ23என் 5/01. சீனாவில் விண்ணப்பித்தாலும் பிரேசிலில் விண்ணப்பித்தாலும் இந்த எண்தான் விழும். ஆவணத்தின் முதல் பக்கத்திலும் இதே ஒழுங்கு உண்டு: (54) தலைப்பு, (71) விண்ணப்பதாரர், (72) கண்டுபிடித்தவர். கொரிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாவிட்டாலும் (72)க்குப் பக்கத்தில் இருப்பது ஆளின் பெயர் என்று தெரிந்துவிடும்.

திண்டிவனம் உள்ள விழுப்புரம் மாவட்டத்தின் விண்ணப்பங்கள் சேருமிடம் சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். திண்டிவனம், விழுப்புரம் வழியாகப் போகும் அதே ஜி.எஸ்.டி. சாலையில்தான் அதுவும் இருக்கிறது. 2016 முதல் விண்ணப்ப எண்ணுக்கு 12 இலக்கம். முதல் நான்கு ஆண்டைக் குறிக்கும், ஐந்தாவது 4 என்றால் சென்னை. பொதுவாகப் பதினெட்டு மாதம் ரகசியம். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் வரும் காப்புரிமை இதழில் வெளியாகும். அங்கிருந்து ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பாஸ்நெட்', உலக அறிவுசார் சொத்து அமைப்பின் 'பேட்டன்ட்ஸ்கோப்' ஆகிய இலவசத் தரவுத்தளங்களுக்கும் போகிறது.

இந்தப் பொதுக் கிடங்கில் இல்லாத அறிவு காப்புரிமை ஆய்வாளர் கண்ணில் படுவதில்லை. இங்கே வழிவழியாக அறிந்திருந்த, வேம்பிலிருந்து எடுத்த பூஞ்சைக்கொல்லிக்கு 1994இல் ஐரோப்பா காப்புரிமை தந்துவிட்டது. 2000இல் அது ரத்தாகி, 2005இல் மேல்முறையீட்டிலும் அந்த ரத்து உறுதியாகும்வரை போராட வேண்டியிருந்தது. அந்தப் போராட்டம் முடியும் முன்பே, அதன் அனுபவத்தில் பிறந்ததுதான் 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம். சித்த மருத்துவ நூல்களின் செய்முறைகள் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானிய மொழிகளில் ஆய்வாளர் மேசைக்கே போயின.

பட்டறைக்காரருக்கு இதில் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. நம் பாலிடெக்னிக்குகள் முதலாண்டிலேயே சொல்லித்தர வேண்டிய செய்தி அது. காப்புரிமை, கொடுத்த நாட்டுக்குள்தான் செல்லும்; பொதுவாக இருபது ஆண்டு. இந்தியாவில் பதியாத, அல்லது இங்கே காலாவதியான காப்புரிமைகள் அந்தக் கிடங்கில் ஏராளம். இங்கு வேறு காப்புரிமை எதுவும் நடப்பில் இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டால், அந்த வரைபடங்களை வைத்துத் திண்டிவனத்திலேயே இயந்திரம் செய்து விற்கக் காப்புரிமைக்காக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.