பார்த்தீனியமும் அதனை ஒத்த பூண்டுகளும்

மாத்தளை மாவட்டத்தில் தோட்டத்து வரம்புகளிலும் வீதியோரங்களிலும் பலவகைப் பூண்டுகள் தாமாகவே முளைக்கின்றன. அவற்றுட் சில மருந்துக்கு உதவுவன. சில சாதாரணக் களைகள். பார்த்தீனியமோ பயிரையும் கால்நடையையும் கமக்காரரின் உடல்நலத்தையும் ஒருங்கே கெடுக்க வல்லது. இதனை ஒத்த பூண்டுகள் சில இருப்பதால், தீங்கற்றதைப் பிடுங்கித் தீங்குடையதை விட்டுவிடுதல் எளிதில் நேரக்கூடும்.

இத்தகைய மயக்கம் பிற நாடுகளிலும் உண்டு. வட அமெரிக்காவில் பொன்னிறப் பூங்கொத்துடைய சொலிடாகோ என்னும் செடியே தும்மல் நோயைத் தருகின்றதென மக்கள் அதன்மீது பழி சுமத்தினர். உண்மையில் அதன் மகரந்தம் கனமானது; அதனைப் பூச்சிகளே கொண்டு செல்கின்றன. அதே பருவத்தில் அருகே பூக்கும் அம்புறோசியாவின் மகரந்தமே காற்றிற் பரந்து நோயை உண்டாக்குகின்றது. அதன் பூ பச்சை நிறமாயும் சிறிதாயும் இருப்பதால் எவரும் அதனைக் கவனிப்பதில்லை. பார்த்தீனியம் இந்த அம்புறோசியாவுக்கு நெருங்கிய உறவுடைய செடியாகும். ஆகவே, பூவின் பொலிவைக் கொண்டு முடிவு செய்யாது, இலையையும் தண்டையும் ஆராய்ந்தே செடியை அறிதல் வேண்டும்.

பரவிய வழி

பார்த்தீனியத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளாகும். இந்தியாவிற் பூனா நகரில் 1955ஆம் ஆண்டில் இது கண்டறியப்பட்டது. இலங்கையில் 1999ஆம் ஆண்டில் வவுனியாவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. வவுனியாவையும் தம்புள்ளையையும் மாத்தளையையும் இணைப்பது கண்டி – யாழ்ப்பாண வீதியே. இதன் விதைகள் வாகனச் சில்லுகளிலும், உழவு இயந்திரங்களிலும், வைக்கோலிலும், மாட்டெருவிலும், பாய்ச்சும் நீரிலும் கலந்து செல்வன. ஆதலால் வீதியோரங்களையும், லொறிகள் தரித்து நிற்கும் இடங்களையும், எருக் குவியல்களையும் முதலிற் சோதித்தல் வேண்டும்.

பார்த்தீனியத்தின் அடையாளம்

இளஞ்செடியின் இலைகள் நிலத்தோடு படிந்து வட்டமாய் விரிந்திருக்கும். இலை வெளிர்பச்சை நிறமானது, கரற் இலை போல ஆழமாகப் பிளவுண்டது, மெல்லிய உரோமமுடையது. பின்னர் தண்டு நிமிர்ந்து, மேற்பகுதியிற் பல கிளைகளாகப் பிரிந்து, மூன்று முதல் ஐந்து அடி வரை வளரும். தண்டில் நீளவாட்டில் வரிப்பள்ளங்கள் காணப்படும். இலைகள் ஒன்றுவிட்டொன்றாக அமைந்திருக்கும். பூத்தலை வெண்ணிறமானது, கால் அங்குலத்திலும் சிறியது, ஐந்து மூலைகளை உடையது.

மாசிப்பத்திரி

சிங்களத்தில் வல்கொளொந்து எனப்படுவது இதுவே. இதன் இலையும் பிளவுண்டதாதலின் மயக்கம் பெரிதும் இதனாலேயே நேரும். இலையைத் திருப்பிப் பார்த்தால் ஐயம் நீங்கும். மாசிப்பத்திரி இலையின் அடிப்புறம் பஞ்சு படிந்தாற்போல வெண்மையாக இருக்கும். கசக்கினால் நறுமணம் வீசும். பார்த்தீனிய இலையின் அடிப்புறத்தில் அவ்வெண்மை இராது. மாசிப்பத்திரி நிலத்தடித் தண்டினாற் பரவிப் பல்லாண்டு வாழ்வது.

அகெரற்றம்

சிங்களத்தில் ஹுலந்தலா எனப்படும் இக்களை மரக்கறித் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும். இதன் இலை பிளவுபடாதது, முட்டை வடிவினது, ஓரத்திற் பற்களை உடையது. இலைகள் பெரும்பாலும் எதிரெதிராக அமையும். பூக்கள் வெண்மையாகவோ இளநீலமாகவோ, குஞ்சம் போல மென்மையாக இருக்கும்.

சுருங்கக் கூறின், இலை பிளவுபடாதிருப்பின் அது பார்த்தீனியம் அன்று. பிளவுண்ட இலையின் அடிப்புறம் வெண்மையாயின் அது மாசிப்பத்திரி. பிளவுண்ட இலை இருபுறமும் பச்சையாகவும், ஒன்றுவிட்டொன்றாகவும், தண்டு வரிப்பள்ளங்களுடனும் இருப்பின் பார்த்தீனியமெனக் கொண்டு உடனே கவனித்தல் வேண்டும்.

தீங்கும் தடுப்பும்

பார்த்தீனியத்தைத் தொடுவோர் சிலருக்குத் தோலிற் கடுமையான அரிப்பும் புண்ணும் உண்டாகும். மகரந்தத்தினால் தும்மலும் மூச்சுத்திணறலும் ஏற்படலாம். இதனைத் தின்ற பசுவின் பால் கசக்கும். இதிலிருந்து வெளியாகும் பொருள்கள் அயலிலுள்ள பயிர்களின் முளைத்தலையும் வளர்ச்சியையும் தடை செய்யும். செழித்த செடி ஒன்று 15,000க்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. முளைத்து நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் இது பூக்கத் தொடங்குமாதலால் காலந் தாழ்த்துதல் கூடாது.

கையுறையும் நீண்ட கைச்சட்டையும் அணிந்து, மழைக்குப்பின் நிலம் ஈரமாயிருக்கையில், பூப்பதற்கு முன்னரே வேரோடு பிடுங்குதல் வேண்டும். அடியில் வெட்டிவிட்டால் மீண்டும் துளிர்க்கும். பூத்துவிட்ட செடியைச் சாக்கினால் மூடிப் பிடுங்கி, வேறிடங்கொண்டு செல்லாது, அங்கேயே உலர்த்தி எரித்தல் நன்று. அதனைக் கூட்டெருவிற் சேர்த்தல் ஆகாது. தோல் நோயோ தொய்வு நோயோ உடையோர் இவ்வேலையிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். விதைகள் மண்ணிற் பல்லாண்டு உயிரோடிருக்குமாதலால், பிடுங்கிய இடத்தை ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் பார்வையிடல் அவசியம்.

ஐயம் எழுமாயின், பூவாத செடியொன்றைப் பொலித்தீன் பையிலிட்டு வாய் கட்டி, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. ஒரு செடியை இன்று இனங்கண்டு அகற்றும் கமக்காரர் தம் காணியை மட்டுமன்றி அயலவர் காணியையும் காப்பவராவர்.