உஷார்! ‘மும்பை போலீஸ் பேசுகிறோம்’ என்றால் உடனே போனை வையுங்கள்

தெரியாத நம்பரிலிருந்து போன். எடுத்தால், கூரியர் கம்பெனி என்கிறார்கள். மும்பையிலிருந்து தைவானுக்கு உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் பிடிபட்டதாம். உங்கள் ஆதார் எண்ணைப் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். “கிரைம் பிராஞ்சுக்கு லைன் போடுகிறேன்” என்கிறார்கள். அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் வீடியோ காலில் காக்கிச்சட்டை ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அங்கேயே வைத்துவிடுங்கள் போனை. அது போலீஸ் அல்ல, கொள்ளைக்கூட்டம்!

தென்மும்பையில் 86 வயது மூதாட்டி ஒருவரிடம் 2024 டிசம்பர் கடைசியில் போலீஸ் என்று சொல்லித்தான் ஆரம்பித்தார்கள். மகளையும் கைது செய்வோம் என்று மிரட்டினார்கள். 2025 மார்ச் தொடக்கத்துக்குள் 20 கோடி ரூபாய்க்கு மேல் சுருட்டிவிட்டார்கள். சாப்பாட்டு நேரம் தவிர அவர் அறையை விட்டு வெளியே வருவதில்லை என்பதை முதலில் கவனித்து மகளிடம் சொன்னவர், வீட்டு வேலை செய்த பெண்தான். படித்தவர், தொழில் தெரிந்தவர் ஏமாறமாட்டார் என்றும் நினைக்காதீர்கள். 2024இல் வர்த்தமான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வாலுக்குப் போலியாக ஒரு சுப்ரீம் கோர்ட் விசாரணையையே வீடியோவில் நடத்திக்காட்டி 7 கோடி ரூபாய் பறித்தார்கள்.

அவர்களுடைய முதல் வேலை உங்களைத் தனியாளாக்குவது. “கதவைச் சாத்து, கேமராவை அணைக்காதே, வீட்டில் யாரிடமும் மூச்சு விடாதே” என்பார்கள். பிறகு, “ரிசர்வ் வங்கி உங்கள் பணத்தைச் சரிபார்த்துத் திருப்பித் தரும், எஃப்டியை உடைத்து இந்தக் கணக்குக்கு அனுப்புங்கள்” என்பார்கள். வங்கியில் காரணம் கேட்டால் என்ன பொய் சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுப்பார்கள். வங்கியில் பொய் சொல்லச் சொல்கிறவன் திருடன். இதில் சந்தேகமே வேண்டாம்.

இப்படி வீடியோ காலிலேயே ஒருவரைப் பிடித்துவைப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’. அப்படி இந்தியச் சட்டத்தில் எதுவும் கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி நிகழ்ச்சியில் இதைச் சொன்னார். ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடாது என்று 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று, இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் ஒப்படைத்தது. அந்த அளவுக்கு இது நாடெங்கும் பரவிக் கிடக்கிறது.

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மக்களுக்குச் சொல்கிறேன். அவர்கள் மிரட்டப் பயன்படுத்தும் பெயர் நம்ம ஊர் போலீஸின் பெயர். “என் மேல் கேஸ் இருந்தால் பக்கத்து ஸ்டேஷனுக்கே வந்து பேசுகிறேன்” என்று சொல்லி லைனைத் துண்டியுங்கள். நிஜப் போலீஸ் அதற்குக் கோபப்படாது. ஸ்டேஷன் எட்டிவிடும் தூரத்தில்தான் இருக்கிறது; துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய்க் கேளுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தனியாக வாழும் ஓய்வுபெற்ற பெரியவர்களே, உங்கள் எஃப்டியின் மேல்தான் அவர்களுக்குக் கண். அக்கம்பக்கத்தில் இருப்பவர்களே, அப்படியொருவர் திடீரென்று கதவைச் சாத்திக்கொண்டால் போய்த் தட்டுங்கள்.

நம்பரைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். 140 என்று தொடங்கினால் விளம்பர அழைப்பு. 1600 என்று தொடங்கும் எண்கள் வங்கி, காப்பீடு போன்றவற்றின் சேவை அழைப்புகளுக்காக ஒதுக்கப்பட்டவை. சாதாரணப் பத்து இலக்க மொபைலிலிருந்து ‘வங்கி மேனேஜர்’ பேசினால் உஷார்! வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டு, உள்ளூர் எண்போலத் திரையில் காட்டவும் இவர்களுக்குத் தெரியும். ட்ரூகாலரில் வரும் பெயரும் அத்தாட்சி ஆகாது. அறியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து மிஸ்டு கால் வந்தால் திருப்பி அழைக்காதீர்கள். *401* என்று தொடங்கி ஒரு நம்பரை அழுத்தச் சொன்னால் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்கள் கைக்குப் போய்விடும், போனில் சொல்லப்படும் ஓடிபி உட்பட. அழுத்தியிருந்தால் ##002# போட்டு ரத்து செய்யுங்கள்.

இளைஞர்களே, “கமிஷன் தருகிறேன், உன் கணக்கைக் கொடு, சிம் எடுத்துக் கொடு” என்று எவன் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொள்ளைப்பணம் கைமாறுவது இப்படிப்பட்ட வாடகைக் கணக்குகள் வழியாகத்தான். போலீஸ் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரரைத்தான். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பாருங்கள். சந்தேக அழைப்புகளை அங்கேயே ‘சக்ஷு’ பகுதியில் புகார் செய்யலாம்.

பணம் போய்விட்டதா? அவமானம் என்று நினைத்து ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அடியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் சொன்னால்தான் முடக்கிப் பிடிக்க வாய்ப்பு உண்டு. பேசிய நம்பர், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

இன்னொரு வேலையும் நம் தலையில் இருக்கிறது. திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் இருக்கும் அம்மா, அப்பா, சித்தப்பா, அத்தைக்கு மும்பை போலீஸ் என்றாலே கை நடுங்கும். அவர்களுக்கு இன்று ராத்திரியே போன் போடுங்கள். “மும்பை போலீஸ் என்று யார் கூப்பிட்டாலும் வைத்துவிட்டு முதலில் எனக்குச் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அவர்கள் போனில் உங்கள் நம்பருக்குக் கீழே 1930ஐயும் பதிந்து வைக்கச் சொல்லுங்கள்.