முழங்கை வலித்தால் முதலில் ஸ்ட்ரிங்கை மாற்றுங்கள்

லீவுக்கு காமயகவுண்டன்பட்டி வந்த இடத்தில் ஒரு சொம்பு தண்ணீரைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் வெளிப்பக்கம் சுரீர் என்றது. டென்னிஸ் எல்போ, 2004ல் சச்சினை உட்கார வைத்த அதே வலி.

புது ராக்கெட் தேடிப் படித்ததில் புரிந்தது, முதல் சந்தேகம் ஸ்ட்ரிங் மேல்தான். என்னுடையது பாலியெஸ்டர், 55 பவுண்டு இழுவை. விறைப்பான ஸ்ட்ரிங் அதிர்ச்சியைக் கைக்கே அனுப்பிவிடும். மல்டிஃபிலமென்ட், 48 பவுண்டு என்று மாற்றினேன்.

ராக்கெட் லேசாக இருந்தால் நல்லதுன்னு நினைக்காதீங்க. லேசானது பந்து பட்டதும் அதிகம் அதிரும். 300 கிராமுக்கு மேல், விறைப்பு எண் 65க்குக் கீழ் இருந்தால் கைக்கு இதம். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61ல் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய காலத்து மர மட்டைகள் கனமானவை, ஆனால் வளைந்து கொடுத்தவை.

சில வாரம் ஓய்வும் எடுத்தேன். அது இல்லாமல் எந்த ஸ்ட்ரிங்கும் உதவாது.