மான் வேட்டைக்கு எந்த ஃப்ளின்ட்லாக் ரைஃபிள் வாங்கலாம்? கோவில்பட்டிக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது?

தோளில் நீளமான மரத் துப்பாக்கி, இடுப்பில் மாட்டுக் கொம்பில் கருமருந்து. பனிக்காட்டில் நடந்து போகிறவர் விசையை இழுத்ததும் முகத்துக்கு முன்னால் ஒரு தீப்பொறி, பிறகு வெள்ளைப் புகை. இப்படி ஒரு அமெரிக்க ரீல்ஸ் உங்கள் மொபைலிலும் வந்திருக்கலாம். உடனே கூகுளில் ‘மான் வேட்டைக்கு எந்த ஃப்ளின்ட்லாக் நல்லது’ என்று தேடுகிறவர்கள் நம்ம ஊரிலும் உண்டு. ராத்திரி முழுக்க மானிடமிருந்து மக்காச்சோளத்தைக் காக்கும் வீட்டுப் பையனுக்கு அது வெறும் ஆசையாகவும் இருக்காது.

பதிலை முதலிலேயே சொல்லிடலாம். இந்தியாவில் மான் வேட்டைக்கு எந்தத் துப்பாக்கியையும் தேர்வு செய்ய வழியில்லை. ஆனால் குண்டையும் மருந்தையும் வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கிக்கு நம் சட்டத்திலேயே ஒரு இடம் இருக்கிறது. கரிசல் மண்ணுக்கும் அதோடு பழைய கணக்கு ஒன்று உண்டு.

முதலில் அந்த ரீல்ஸை முடித்துவிடுவோம். பென்சில்வேனியா மாநிலத்தில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு மான் வேட்டைக்கென ஒரு தனி சீசன் வரும். அதில் ஃப்ளின்ட்லாக் மட்டும்தான் அனுமதி. 1970-களில் தொடங்கிய ஏற்பாடு இது. ஃப்ளின்ட்லாக் என்றால் சக்கிமுக்கிக் கல்லால் பற்றவைக்கும் துப்பாக்கி. விசையை இழுத்தால், கல்லைக் கவ்விய சுத்தி ஒரு எஃகுத் தகட்டில் உரசும். பொறி கீழே உள்ள சின்னக் கிண்ணத்தில் விழும். அங்கிருக்கும் மருந்து பற்றி, பக்கவாட்டுத் துளை வழியாக நெருப்பு குழலுக்குள் போகும். அப்புறம்தான் வெடி.

இத்தனையும் நடக்க ஒரு சிறு இடைவெளி ஆகும். மான் அதற்குள் துள்ளிவிடலாம். சுடுகிறவரும் பொறியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினால் குறி போச்சு. பேட்ஸ்மேனுக்கு ஃபாலோ த்ரூ மாதிரி, குண்டு வெளியே போகும் வரை குறியை விடக்கூடாது. அதனால் அங்கே வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது குழலை அல்ல, நல்ல பொறி தருகிறதா என்று அந்த விசைப் பொறியைத்தான். அடுத்தது குழலின் விட்டம். மானுக்குப் பெரும்பாலும் 0.50 அங்குலம். மூன்றாவது, குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள். உருண்டை ஈயக் குண்டு என்றால் 60, 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும், நீளக் குண்டுக்கு இன்னும் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். எல்லாம் சரியாக அமைந்தாலும் நம்பிச் சுடக்கூடிய தூரம் சுமார் 100 கஜத்துக்குள்தான். மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை.

இந்தக் கல் துப்பாக்கி நமக்குப் புதுசு இல்லை. கோவில்பட்டியிலிருந்து ஒட்டப்பிடாரம் பக்கம் போனால் பாஞ்சாலங்குறிச்சி. 1799-லும் 1801-லும் அங்கே வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கையில் இருந்தது ‘பிரவுன் பெஸ்’ வகை ஃப்ளின்ட்லாக். உள்ளே வரி வெட்டாத, வழவழப்பான, முக்கால் அங்குலக் குழல். பாளையக்காரர் பக்கம் பெரும்பாலும் நீண்ட ஈட்டிகளும் திரித் துப்பாக்கிகளும். திரித் துப்பாக்கிக்கு எரிந்துகொண்டே இருக்கும் ஒரு கயிறு வேண்டும். இருட்டில் அது ஆளைக் காட்டிக்கொடுக்கும், மழையில் அணைந்துபோகும்.

ஆனாலும் ஆயுதக் கணக்கு மட்டும் போரைத் தீர்மானிக்கவில்லை. கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட பிறகு, 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து மண்கோட்டையைத் திரும்ப எழுப்பினார். மார்ச் 31-ல் கம்பெனி நடத்திய தாக்குதல் அந்தக் கோட்டைச் சுவரில் தோற்றது. மே 24-ல்தான் கோட்டை விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் வந்த பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ‘துப்பாக்கி வேண்டுமா, அரசிடம் கேள்’ என்ற நிலை இந்த வட்டாரத்துக்கு 1878 ஆயுதச் சட்டத்துக்கு முன்பே வந்துவிட்டது என்று சொன்னால் தப்பில்லை.

சரி, இன்றைக்கு என்ன சட்டம்?

1959 ஆயுதச் சட்டப்படி, பழைய மாடல் என்பதால் ஃப்ளின்ட்லாக்குக்குச் சலுகை கிடையாது. சுடக்கூடிய நிலையில் இருந்தால் அது துப்பாக்கிதான், லைசென்ஸ் வேண்டும். பலருக்குத் தெரியாத விஷயம், இதே சட்டத்தின் 13-வது பிரிவு வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு அதற்கு லைசென்ஸ் தரலாம். மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், போலீஸ் விசாரணை நடக்கும்.

அப்போ லைசென்ஸ் கிடைத்துவிட்டால் சோளக்காட்டுக்குள் வரும் மானைச் சுடலாமா? கூடாது. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை ஒரு சட்டம், விலங்கைச் சுடும் உரிமை வேறொரு சட்டம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. சுடுவது மட்டும் வேட்டை இல்லை; கண்ணி வைப்பதும், பிடிக்க முயல்வதும் அதில் அடக்கம். திருநெல்வேலி - தூத்துக்குடி சாலையில் வரும் வல்லநாட்டு மலையில் 1987 முதல் ஒரு சரணாலயமே இருக்கிறது, 16.41 சதுர கி.மீ. அங்குள்ள வெளிமான் முதல் அட்டவணை விலங்கு. அதைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, ₹25,000-க்குக் குறையாத அபராதம். முதல் அட்டவணையில் இல்லாத விலங்கு பயிரை அழித்தால், தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ எழுத்து மூலம் அனுமதி தர 11-வது பிரிவில் வழி உண்டு. அந்தக் காகிதம் கையில் இல்லாமல் விசையில் விரல் வைக்கக் கூடாது.

காட்டுப்பன்றிக்கு மட்டும் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி திறந்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பிடிக்கவும் சுடவும் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம், 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடுவதும் விவசாயி இல்லை, வனத்துறை ஆட்கள். மானுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது.

கோவில்பட்டி பக்கத்துக் குருமலை காப்புக்காட்டை ஒட்டி மானாவாரி நிலம் வைத்திருப்பவருக்கு இது ஆறுதல் தராது. புரட்டாசியில் விதைத்த உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் படைப்புழுவுக்குத் தப்பினால் பன்றிக்கும் மானுக்கும். வரப்பைச் சுற்றிப் பழைய சேலை கட்டுகிறார்கள், டார்ச்சும் தகர டப்பாவுமாகக் கண்விழிக்கிறார்கள். சிலர் பொறுமை இழந்து திருட்டுத்தனமாக மின்வேலி போடுகிறார்கள், அவுட்டுக்காய் வைக்கிறார்கள். அதில் பக்கத்துக் காட்டுக்காரரோ, மேய வந்த மாடோ சாகலாம். வேலி போட்டவர் ஜெயிலுக்குப் போகலாம். மானைச் சுட அனுமதி கேட்பதைவிட, தின்று போன பயிருக்கு அந்த சீசனுக்குள்ளேயே நிவாரணம் கொடு என்று கேட்பதுதான் நியாயமான சண்டை என்பது என் கருத்து. சேதத்தைப் பார்த்த அன்றே தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள். கால்தடம், கடித்த தட்டை இரண்டும் படத்தில் இருக்கட்டும். அடங்கல் நகலோடு வனச்சரக அலுவலகத்திலும் வி.ஏ.ஓ.விடமும் எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தட்டை காய்ந்த பிறகு போனால் எந்த விலங்கு தின்றது என்று காட்ட முடியாது.

கடைசியாக, சில பழைய வீடுகளில் தாத்தா காலத்துத் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கும். சுட முடியாத, ரிப்பேர் செய்தாலும் சுட வராத, சும்மா வைத்திருக்கிற பழம்பொருள் என்றால் 45-வது பிரிவில் விலக்கு உண்டு. குழலும் விசையும் இன்னும் வேலை செய்தால் அந்த விலக்கு கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் அது குற்றம். எது என்று நீங்களே முடிவு செய்யாமல், லைசென்ஸ் புத்தகம் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, ரீல்ஸ் எடுத்துப் போடுகிற வேலை மட்டும் வேண்டாம்.